வற்றாப்பளைப் பொங்கல்: வைகாசி தோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சித்திரைக் கடைசியில் சோளகக் காற்று எழுந்து முற்றத்துச் சருகைக் கிணற்றடிவரை அள்ளிக்கொண்டு போகும். அப்போதுதான் என் தொலைபேசியும் ஓயாமல் அடிக்கத் தொடங்கும். வவுனியாவில் இருக்கும் மருமகள், கிளிநொச்சியில் என்னோடு படிப்பித்த ஆசிரியை, ரொறன்ரோவில் இருக்கும் பெறாமக்கள் என்று எல்லோரும் வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றித்தான் கேட்பார்கள். கோயிலில் நடப்பதைச் சொல்ல அங்கே உரியவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருவது பெரும்பாலும் கதையும் வீட்டு முறையும் பற்றிய சந்தேகங்கள். நான் பூசாரி வழியில் வந்தவள் அல்ல. முள்ளியவளையில் பிறந்து, அம்மம்மாவின் அடுப்படியில் நின்று பார்த்தவள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் உளைந்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

வற்றாப்பளைப் பொங்கல் என்றால் தைப்பொங்கல் போலத்தானே?

இல்லை. தைப்பொங்கல் சூரியனுக்கு, விடியற்காலையில், அவரவர் முற்றத்தில் நடப்பது. இது கண்ணகி அம்மனுக்கு, வைகாசியில், இரவில் நடப்பது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடல் ஓரமாக இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் திங்கட்கிழமை பின்னேரம் தொடங்கி மறுநாள் விடியும்வரை ஊர் திரண்டு பொங்கும். வன்னியில் பெருங்கூட்டம் சேரும் நாட்களில் இதுவும் ஒன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரைக்காரரும் வழியில் இந்தப் பொங்கலுக்குத் தங்கித்தான் மேலே நடப்பார்கள்.

எந்தத் திகதியில் வரும்? நாட்காட்டியில் தேடிக் களைத்துவிட்டேன்.

திகதியைத் தேடாதீர்கள், கிழமையைத் தேடுங்கள். வைகாசி விசாகத்தை, அதாவது வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் திங்கட்கிழமைதான் பொங்கல். மே பிற்பகுதியிலும் வரும், ஜூன் நடுப்பகுதிக்கும் போகும். சந்தேகமான வருடத்தில் கோயில் அறிவிப்பதுதான் முடிவு. வெளிநாட்டில் இருப்பவர்கள் நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் பார்த்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் திங்கள் மாலை எப்போதோ, அதுதான் உங்கள் பொங்கல்.

ஏன் திங்கள் என்று கேட்டால், அம்மாள் வருவதாகச் சொன்ன நாள் அது. அந்தக் கதை அடுத்த பதிலில்.

கண்ணகி மதுரையை எரித்தவள். அவள் எப்படி முல்லைத்தீவுக்கு வந்தாள்?

மதுரையை எரித்த பிறகும் அவளுடைய கோபம் ஆறவில்லை. கடல் கடந்து ஈழத்துக்கு வந்து, இடத்துக்கு இடம் தங்கித் தங்கி, பத்தாவதாக நந்திக்கடற்கரைக்கு வந்தாள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள். கிழிந்த சேலை, வெயிலில் வாடிய முகம். "பசிக்கிறது, தங்க இடம் வேண்டும்" என்றாள். பெடியள் யார் எவர் என்று கேட்கவில்லை. வேப்பங்கொப்புகளை வெட்டி நட்டுப் பந்தர் போட்டு அவளை இருத்தினார்கள். கையிலிருந்த அரிசியையும் கறந்த பாலையும் சேர்த்துப் பாற்புக்கை பொங்கிக் கொடுத்தார்கள்.

பொழுது பட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல்நீரை அள்ளி ஊற்றித் திரியைப் போடுங்கள்" என்றாள் கிழவி. சிரித்துக்கொண்டே செய்தார்கள், விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்றாள். தலைமயிரை விலக்கிய சிறுவன் உறைந்துபோனான். தலை முழுக்கக் கண்கள், ஆயிரம் கண்கள். "வைகாசித் திங்களில் திரும்ப வருவேன்" என்று சொல்லிக் கிழவி மறைந்தாள். வெட்டி நட்ட வேப்பங்கொப்பு தளிர்த்து நின்றது.

அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது பேன் பார்க்கும் இடத்தில்தான் நிறுத்துவார். என் தலை அப்போது அவருடைய மடியில் இருக்கும். சீப்பை வைத்துவிட்டு, "உனக்கும் இருக்கிறதா பார்ப்போம்" என்று இரண்டு விரல்களால் வகிடு பிரிப்பார். எனக்கு முதுகு சில்லிடும். இன்று வீட்டு முறை பற்றி எது கேட்டாலும் நான் இந்தக் கதைக்குத்தான் திரும்பிப் போவேன். களைத்து வந்த ஒருத்திக்கு நிழலும் சோறும் வெளிச்சமும் கொடுத்தார்கள், பொங்கலில் நாம் செய்வதும் அதே மூன்றுதான்.

வற்றாப்பளையா, பத்தாப்பளையா? எது சரியான எழுத்து?

இன்று பெயர்ப்பலகையில் இருப்பது வற்றாப்பளை. பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாம்பளை, பத்தாப்பளை என்று இருந்து இப்படித் திரிந்தது என்று முதியவர்கள் சொல்வார்கள். கடிதத்தில் வற்றாப்பளை என்று எழுதுங்கள். வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

பாடப்புத்தகத்தில் படித்த கண்ணகி கதையும் அம்மம்மா சொன்ன கதையும் ஒத்துவரவில்லை. எது உண்மை?

இளங்கோவடிகள் பாடிய சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகார் நகரத்து வணிகன் மாநாய்கனின் மகள். மதுரையை எரித்துவிட்டு மேற்கு நோக்கிச் சேர நாட்டு மலைக்குப் போகிறாள். வேங்கை மர நிழலில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானூர்தியில் ஏறுகிறாள். இலங்கைக்கு அவள் வந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டத்துக்கு இலங்கை அரசன் கயவாகு வந்ததாக மட்டும் சொல்கிறது.

நம்முடைய வாய்மொழிக் கதையில் அவள் மாங்கனியில் பிறந்தவள். பாண்டியனின் தோட்டத்து மாங்கனி அது. அவளால் கேடு வரும் என்று பேழையில் வைத்துக் கடலில் விட, வணிகர் கையில் கிடைத்து வளர்கிறாள். எந்த அரசனின் நீதி தவறியதோ அந்த அரசனின் வீட்டுப் பிள்ளையே அவள் என்று ஆகிறது. எனக்கு இது இன்னும் கூர்மையான கதையாகப் படுகிறது. இந்த வழிக் கதையை வன்னியில் சிலம்பு கூறல் என்றும், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என்றும் ஏட்டில் வைத்துப் படித்தார்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுவதற்கென்றே முல்லை மோடி என்ற ஆட்டமுறை இருக்கிறது. பரீட்சையில் பாடப்புத்தகக் கதையை எழுதுங்கள். பொங்கலன்று அம்மம்மாவின் கதையைச் சொல்லுங்கள். இரண்டும் குழம்பாது.

கோயிலில் உண்மையாகவே உப்புநீரில் விளக்கு எரிகிறதா? வீட்டில் செய்து பார்க்கலாமா?

பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, அந்த நீரில் திரியிட்டு ஏற்றும் விளக்குத்தான் ஏழு நாளும் எரிகிறது என்பது ஊரின் நம்பிக்கை. கிழவி சொல்லைக் கேட்ட சிறுவர்களின் நினைவு அது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து நான் அந்தச் சுடரைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் கும்பிட்ட கையோடு நின்றது, ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டில் வேண்டாம். ஒரு வருடம் மகன் உப்பைக் கரைத்துச் சிட்டியில் ஊற்றித் திரி போட்டுப் பார்த்தான். திரி சீறிவிட்டு அணைந்தது, பூசையறையில் ஒரு மணிநேரம் கரிப்புகை நாற்றம். அது கோயிலுக்கு உரிய காரியம். வீட்டில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி ஏற்றுங்கள்.

பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் என்று சொல்கிறார்களே, என்ன ஒழுங்கில் நடக்கிறது? முள்ளியவளைக்கு என்ன தொடர்பு?

மூன்று திங்கட்கிழமைகள் என்று நினைவில் வையுங்கள். முதல் திங்கள் பாக்குத்தெண்டல். பாக்கும் வெற்றிலையும் கொண்டு போய், பொங்கல் வரப்போகிறது என்று உரியவர்களுக்குச் சொல்லும் நாள். கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பது போலத்தான். இரண்டாம் திங்கள் தீர்த்தமெடுத்தல். முல்லைத்தீவுப் பக்கத்தில் தீர்த்தக்கரை என்றே பெயர்பெற்ற கடற்கரையில் நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். நந்திக்கடல் பக்கத்தில் இருந்தாலும் தீர்த்தம் எடுப்பது பெருங்கடலில். விளக்கு ஏற்றப்படுவதும் ஏழு நாள் எரிவதும் காட்டா விநாயகர் கோயிலில். ஞாயிறு அங்கே பொங்கல். பிறகு மடைப்பண்டங்கள், அதாவது அம்மாளுக்குப் படைக்கும் பொருட்கள், புறப்பட்டு வற்றாப்பளைக்குப் போகும். மூன்றாம் திங்கள் அம்மாளின் பொங்கல்.

எந்தக் காரியத்தையும் பிள்ளையாரிடம் தொடங்குகிறோம் அல்லவா, ஊர் அளவில் அதுதான் இது. முள்ளியவளைக்காரருக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

வீட்டில் எந்த நாள் தொடக்கம் மச்சம் (மீன், இறைச்சி) நிறுத்த வேண்டும்? பாக்குத்தெண்டலிலிருந்தா, தீர்த்தத்திலிருந்தா?

எங்கள் வீட்டில் தீர்த்தமெடுக்கும் திங்கள் தொடக்கம். அதற்கு முதல் நாளே குசினியைக் கழுவி, மீன் சமைத்த சட்டிகளை வெளியே கவிழ்த்து, அம்மியையும் கழுவிவிடுவோம். நேர்த்தி வைத்துக் காவடி எடுப்பவர்களும் கற்பூரச்சட்டி ஏந்துபவர்களும் இன்னும் முந்தித் தொடங்குவார்கள். குறைந்தது பொங்கலன்றும் அதற்கு முதல் நாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய்ப் பிழைக்கிற வீட்டில் வாரம் முழுவதும் மீன் மணமே வரக்கூடாது என்று யாரும் கேட்க முடியாது. அவர்கள் வலையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்து கும்பிடுகிறார்கள். அம்மாள் கடற்கரையில்தானே இருக்கிறாள்.

கோயிலுக்குப் போக முடியவில்லை. வீட்டில் எப்படிப் பொங்குவது? ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

காலையில் முற்றத்தைக் கூட்டிச் சாணம் தெளியுங்கள். பொங்கும் இடத்தைச் சதுரமாக மெழுகி, அரிசிமாவில் கோலம் போடுங்கள். கிழக்குப் பக்கமாக நிறைகுடம் வையுங்கள்: குடத்தில் தண்ணீர், வாயில் மாவிலை, மேலே தேங்காய். அம்மாளுக்கு என்பதால் மாவிலையோடு ஒரு கொத்து வேப்பிலையும் செருகுவோம். பக்கத்தில் குத்துவிளக்கு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, முடிந்தால் ஓர் இளநீர். மஞ்சள்மாவில் சின்னப் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி முதலில் அவரைக் கும்பிட்டுவிடுங்கள்.

அடுப்பு மூன்று கல். வைகாசி என்றால் சோளகம் விடாது. அம்மம்மா மேற்குப் பக்கத்தில் இரண்டு கிடுகுகளைச் சாய்த்து, அதற்கு முண்டுகொடுக்க உலக்கையை நிறுத்துவார். எரிக்கத் தென்னம்பாளையும் பொச்சுமட்டையும். பன்னாடையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார், பானை பொங்கும் நேரத்தில் ஒரு பன்னாடையைத் திணித்தால் தீ சட்டென்று எழும். ஐந்தாறு பேருக்கு இரண்டு சுண்டு பச்சையரிசி, அரைச் சுண்டு வறுத்துக் கோதுநீக்கிய பயறு, ஒரு பெரிய தேங்காய் போதும். காலபோக நெல் வெட்டியதும் ஒரு சிறு பையில் அம்மாளுக்கென்று கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அரிசி இருந்தால் அதைப் பாவியுங்கள்.

பானைக் கழுத்தில் மஞ்சள் இலையோ இஞ்சி இலையோ கட்டி, திருநீறு பூசி, பொழுது படுகிற நேரத்தில் அடுப்பில் ஏற்றுங்கள். தேங்காயின் இரண்டாம் பாலும் தண்ணீரும் ஊற்றி நிரப்பிப் பொங்கி வழியவிடுங்கள். வழிந்ததும் வீட்டில் மூத்தவர் மூன்று கை அரிசி போடுவார், மீதியைப் பிள்ளைகள் போடலாம். பிறகு பயறு. வெந்து குழைந்ததும் முதற்பாலை விட்டு இறக்குங்கள். வாழையிலையில் படைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுங்கள். தேவாரம் தெரிந்தால் பாடுங்கள். தெரியாவிட்டால் கிழவியின் கதையை ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேளுங்கள். எங்கள் வீட்டில் கதை சொல்லாமல் கற்பூரம் காட்டிய வருடம் கிடையாது.

எந்தப் பக்கம் பொங்கி வழிய வேண்டும்? மேற்கில் வழிந்தால் கூடாதா?

கிழக்கும் வடக்கும் நல்லது என்பார்கள். மேற்கிலிருந்து காற்று அடித்தால் நெருப்பு கிழக்கே சாயும், பானையும் அந்தப் பக்கம்தான் முதலில் கொதிக்கும். கிடுகைச் சரியாக வைத்தவருக்கு நல்ல சகுனம் கிடைக்கும் என்று அப்பா பகிடி விடுவார். மேற்கில் வழிந்தால் அழவேண்டாம்.

சர்க்கரை போடலாமா? மாமி கூடாது என்கிறார்.

மாமி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாடு மேய்க்கப் போன சிறுவர்களிடம் சர்க்கரை இருந்திருக்காது, பாலும் அரிசியும்தான் இருந்தன. அதனால் எங்கள் வீட்டில் முதலில் வெள்ளைப் புக்கையாகவே இறக்கிப் படைக்கிறோம். பிறகு பிள்ளைகளுக்காகப் பாதியை வேறு சட்டிக்கு மாற்றிச் சர்க்கரையும் ஏலக்காயும் கசுக்கொட்டையும் சேர்க்கிறோம். சர்க்கரைப் பொங்கலாகவே படைக்கும் வீடுகளும் நிறைய உண்டு. மாமி வீட்டில் மாமி சொல்வது போல், உங்கள் வீட்டில் உங்கள் விருப்பம்.

நாங்கள் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். முற்றம் இல்லை, விறகு இல்லை, புகை எழுந்தால் மணி அடிக்கும்.

காஸ் அடுப்பையோ மின்சார அடுப்பையோ துடைத்துத் திருநீறு பூசிவிட்டு அதிலேயே பொங்குங்கள். கோலத்தை ஒரு தட்டிலோ பலகையிலோ போடலாம். கற்பூரத்துக்குப் பதிலாக நெய்விளக்கைக் காட்டுங்கள். வேப்பிலை கிடைக்காத நாட்டில் வேப்பிலையைத் தேடி விமானத்தில் அனுப்பச் சொல்லி என்னை நச்சரிக்காதீர்கள். சுங்கத்தில் பிடிப்பார்கள். பந்தருக்கு அந்தக் கரையில் நின்ற மரத்தைத்தான் சிறுவர்கள் வெட்டினார்கள். உங்கள் ஊரில் நிற்கும் மரத்தின் ஒரு பச்சைக் கொத்துப் போதும்.

ஒன்று மட்டும் சொல்வேன். பிறஷர் குக்கரில் வைக்காதீர்கள். பொங்கி வழிவதைப் பார்க்க முடியாத பொங்கல் என்ன பொங்கல்?

காவடி எடுப்பதாக நேர்ந்துவிட்டு வெளிநாடு வந்துவிட்டேன். வீட்டில் பொங்கினால் நேர்த்தி தீருமா?

வீட்டுப் பொங்கல் வேறு, நேர்த்திக்கடன் வேறு. கோயிலில் காவடி என்று வாய்விட்டுச் சொன்னதைக் கோயிலில்தான் தீர்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. ஆனால் தவணை குறித்து அம்மாள் ஆளனுப்புவதில்லை. ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து பூசையறையில் வையுங்கள். ஊருக்கு வரும் வருடம் அதைக் கொண்டுவந்து உண்டியலில் போட்டு, நேர்ந்ததையும் செய்யுங்கள். உடம்பு இடம்கொடாவிட்டால் தூக்குக்காவடியைப் பாற்செம்பாக மாற்றலாமா என்று கோயிலில் கேட்டு மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கேட்காமல் நீங்களே மாற்றிக்கொள்வதுதான் பின்னால் மனதை அரிக்கும்.

துடக்கு (தீட்டு) வீட்டில் என்ன செய்வது?

மரணத் துடக்கு என்றால் 31 ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை பொங்குவதில்லை. நெருங்கிய சாவு என்றால் ஆண்டுத் திவசம்வரை பெரிய கொண்டாட்டமாகச் செய்யாமல் விளக்கை மட்டும் ஏற்றுவார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்கும் அப்படியே கழியவேண்டும். மாதவிலக்கு நாளில் அந்தப் பெண் விலகி நிற்க, வீட்டில் வேறொருவர் பொங்குவது பழைய முறை. தனியாக இருக்கும் பெண்கள் இதைக் கேட்டு அடுத்த திங்களுக்குத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைப்பதில் குறை ஒன்றும் இல்லை. தள்ளிவைக்காமல் பொங்கிவிட்டேன் என்று அழுதுகொண்டு அழைத்த பிள்ளையிடம், கண்ணகியும் பெண்தான் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) போட்டிருக்கிறது. அம்மாள் வந்திருக்கிறா என்கிறார்கள். பொங்கலாமா, மருந்து கொடுக்கலாமா?

மருந்து கொடுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மாள் அதற்குத் தடை சொன்னதாக எந்தக் கதையிலும் இல்லை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொப்புளிப்பான் சாதாரண வருத்தம் அல்ல.

வீட்டு முறை இதுதான்: வாசற்படலையில் வேப்பிலை செருகுவது, தாளிப்பு மணம் எழாமல் சமைப்பது, இளநீரும் மோரும் கொடுப்பது, குணமானபின் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீர் வார்ப்பது. எல்லாம் குளிர்ச்சிக்காக. எரிந்து வந்தவளுக்கு இடைச்சிறுவர்கள் பாலும் நிழலும் கொடுத்த அதே நினைப்பு. படலையில் வேப்பிலையைக் கண்டால் அயலவர் உள்ளே வரமாட்டார்கள், தொற்றும் அங்கேயே நிற்கும். தண்ணீர் வார்க்கும்வரை பொங்கலைத் தள்ளிவையுங்கள்.

பனிச்சை ஆடியது என்று பாட்டில் வருகிறதே, அது என்ன?

பறங்கியர் ஆண்ட காலத்தில் ஒரு துரை குதிரையில் வந்து பொங்கலைப் பார்த்து ஏளனம் செய்தானாம். உங்கள் அம்மாளுக்குச் சக்தி இருந்தால் காட்டச் சொல் என்றானாம். பூசாரியார் கைகூப்பி நிற்க, காற்றில்லாமலே பக்கத்துப் பனிச்சை மரம் குலுங்கிக் காய்களால் துரையையும் கூட வந்தவர்களையும் எறிந்து ஓட்டியது. அதைத்தான் சிந்தாகப் பாடுகிறார்கள். பனிச்சங்காயின் பிசின் மீன்வலைக்குச் சாயமேற்றப் பயன்பட்டது. சட்டையில் பட்டால் கறை போகாது. துரையின் வெள்ளைச் சட்டை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துச் சிரிப்பது சின்ன வயதில் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

கண்ணகி சமணப் பெண்தானே? சைவர்கள் வீட்டில் வைத்துக் கும்பிடலாமா?

இந்தக் கேள்வி புதியதல்ல. 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரே (1822–1879) கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானது என்று கண்டித்தார். அதன்பின் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் கண்ணகி கண்ணகியாகவே இருந்துவிட்டாள். நாவலரின் சைவ வினாவிடையைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அம்மம்மாவின் பக்கம்.

காப்பியத்தில் வழித்துணையாக வரும் கவுந்தியடிகள் சமணத் துறவி. அதே காப்பியம் வேட்டுவ வரியில் கொற்றவையையும், ஆய்ச்சியர் குரவையில் திருமாலையும், குன்றக்குரவையில் முருகனையும் பாடுகிறது. சிங்கள மக்கள் இவளையே பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். இத்தனை பேருக்கு அம்மாளாக இருப்பவளிடம் சமயச் சான்றிதழ் கேட்பவர்கள் கேட்கட்டும். நீங்கள் பிள்ளையாரைக் கும்பிட்டு, சிவனை நினைத்து, அம்மாளுக்குப் பொங்குங்கள்.

மீந்த புக்கையை என்ன செய்வது? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் முதலில் அயலுக்குக் கொடுங்கள். யார் எவர் என்று கேட்காமல் கொடுப்பதுதான் முறை, ஏன் என்று கதையில் சொன்னேன்.

தம்பி 2009 இல் காணாமல் போனான். அம்மா இன்னும் திவசம் செய்ய விடவில்லை. எங்கள் வீட்டில் துடக்கு இருக்கிறதா, இல்லையா? பொங்கலாமா?

மேலே சொன்ன 31 நாளும் ஆண்டும் ஒரு நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. நாளே இல்லாத வீட்டில் அதை எங்கிருந்து எண்ணுவது? அவன் இல்லை என்று அம்மா சொல்லாதவரை உங்கள் வீட்டில் துடக்கு இல்லை. பொங்குங்கள். அம்மாவையே முதல் கை அரிசி போடச் சொல்லுங்கள்.

நந்திக்கடலின் ஒரு பக்கம் அம்மாளின் கோயில், மறுபக்கம் 2009 இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால். சில வருடங்களில் பொங்கல், முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. 2024 இல் சனிக்கிழமை நினைவுக் கஞ்சி, திங்கட்கிழமை பொங்கல். கஞ்சி காய்ச்சிய கைதான் புக்கையும் கிண்டியது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். பொங்கலன்று ஐந்து வாழைத்துண்டு வெட்டுவார்கள். ஐந்தாவதில் புக்கை வைத்து, மேலே ஒரு கதலிப்பழம் வைத்து, திண்ணையில் மூடிவைப்பார் அந்த அம்மா. அன்றிரவு படலைக்குக் கயிறு கட்டுவதில்லை. விடிந்ததும் அவரே அதை எடுத்துக்கொண்டு போய்ப் பசுவுக்கு வைப்பார்.